லகுகல குளத்தில ஒண்டுமில்லையா?

ஜூலை 6, பகல் 11.20

"போன ஜனவரியில குடும்பத்தோட அறுகம்பே வந்த நேரம், ஆனை பாக்கலாம் எண்டு ஆரோ சொல்லி லகுகல குளத்துக்குப் போனம். ரெண்டு மணித்தியாலம் நிண்டம். ஆனையும் இல்ல, ஒரு கடையும் இல்ல, இருக்கிறதுக்கு ஒரு வாங்கு கூட இல்ல. வெறும் தண்ணி. ஆகஸ்ட் லீவுக்குத் திரும்ப வாறம். அங்க மினக்கெடலாமா, இல்லாட்டி நேர யால தேசியப் பூங்காவுக்குப் போறதா? என்னைக் கேட்டா லகுகலயில ஒண்டுமில்ல."

ஜூலை 6, இரவு 9.05

ஜனவரியில போனா ஆனை எங்க நிக்கும்?

நான் இலங்கையின்ட கிழக்குக் கரையில, பொத்துவில். கிழமைக்கு மூண்டு நாள் மீன் ஏத்திக்கொண்டு லகுகல, சியம்பலாண்டுவ தாண்டி மொனராகலைக்குப் போறவன். பதினொரு வருசமா அந்தக் குளத்துக்குப் பக்கத்தாலதான் போக்குவரத்து. விடியச் சாமம் நாலு மணிக்கும் பாத்திருக்கன், திரும்பி வரக்குள்ள உச்சி வெயிலிலயும் பாத்திருக்கன். "ஒண்டுமில்ல" எண்ட சொல்ல அப்பிடியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல்ல.

ஜனவரி எண்டா எங்கட பக்கம் மாரி ஓஞ்சும் ஓயாத காலம். ஒக்டோபருக்குப் பிறகு வாற மழை குளத்த முட்ட நிரப்பி வச்சிருக்கும். அந்த நேரம் காடெல்லாம் புல்லு, பள்ளமெல்லாம் தண்ணி. ஆனைக்குக் குளத்துக்கு வர என்ன தேவை? கோடையில வாற கச்சான் காத்து அடிச்சு, வெளியெல்லாம் காஞ்சு, குளம் கரைய விட்டு உள்ளுக்கு வாங்கத் தொடங்க வேணும். அப்பதான் குளத்துக்குள்ள "பெரு" எண்டு சிங்களச் சனம் சொல்ற புல்லு பச்சைப் பசேலெண்டு நிக்கும். சுத்திவர எல்லாம் கருகிக் கிடக்க, அந்த ஒரு இடம் மட்டும் பச்சை. ஆனை வாறது தண்ணிக்கு மட்டும் இல்ல, அந்தப் புல்லுக்கு.

அறுகம்பேக்கு அலையில சறுக்கிற வெளிநாட்டுக்காரரக் கூட்டிவாற அதே கோடைதான் குளத்த வத்த வைக்குது. ஆயிரக்கணக்கில ஆக்கள் அறுகம்பேயில நிக்கிற மாசத்தில, இருபது கிலோமீற்றர் உள்ளுக்கு ஆனை நிக்கும். பாக்கிறதுக்கு ஆள் இருக்காது. ஆகஸ்ட்ல வாறீங்க எண்டா வடிவா வாங்க. பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு. அலைகரைக்கு இறங்கி ஒரு மரத்தடியில இருந்தா நல்லாத் தெரியும்.

ஜூலை 7, காலை 5.50

யாலவுக்குப் போகவேணாம் எண்டு நான் சொல்லல்ல. சிறுத்தை பாக்க ஆசை எண்டா அங்கதான் போகவேணும். லகுகலயில ஒரு இடத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்கத் தெரியவேணும். பிள்ளைகள் சின்னன் எண்டா அதுவும் ஒரு யோசனை.

ஜூலை 10, இரவு 8.30

வழி கேட்டு ரெண்டு மூண்டு பேர் எழுதியிருக்கீங்க. கொழும்பில இருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை எண்டு வாற ஏ4 வீதி, பொத்துவில்ல வந்து கடலக் கண்டு வடக்க திரும்பி, கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை எல்லாம் தாண்டி மட்டக்களப்பில முடியுது. அந்த வீதியில பொத்துவில்ல இருந்து மொனராகலைப் பக்கமா 16 கிலோமீற்றர் அளவு போனா லகுகல. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து வாறவங்க பொத்துவில் வரைக்கும் கரையோரமா வந்து மேற்க திரும்பினாச் சரி. வழியில சங்கமன்கண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காம எங்கட டிரைவர்மார் ஆரும் போகமாட்டாங்க. இலங்கையின்ட கிழக்குக் கடைசி முனையும் அந்தப் பக்கத்திலதான் இருக்கு.

ஒரு குளம் இல்ல. லகுகல பெரிய குளம், கித்துலான, செங்கமுவ எண்டு மூண்டு. 1966ல சரணாலயம் ஆக்கினாங்க, 1980ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க. முழுப் பூங்காவும் சேத்து 1,554 ஹெக்டேர்தான். நாட்டில இருக்கிற தேசியப் பூங்காக்களுக்குள்ள மிகச் சின்னதுகள்ள ஒண்டு. இத வாசிச்சுப்போட்டு "இவ்வளவு சின்னனா" எண்டு நினைக்க வேணாம். வடமேற்க கல்லோயாக் காடு, தெற்க கூமுனை, யால. இந்த ரெண்டுக்கும் நடுவில போய் வாற ஆனைக்கு இது சாப்பாட்டுக் கடை மாதிரி. நான் மொனராகலைக்குப் போகக்குள்ள சியம்பலாண்டுவயில நிப்பாட்டி ஒரு பிளேன்டி குடிக்கிறன். அந்தக் கடையப் பூட்டினா எனக்குப் பாதி வழியில கண் சொருகும். அளவில சின்னக் கடைதான், ஆனா அது இல்லாட்டி என்ட பாடு கஷ்டம். ஆனைக்கும் லகுகல அப்பிடித்தான்.

ஜூலை 11, காலை 6.10

"கூமுனை எங்க இருக்கு" எண்டு கேட்டவருக்கு: வரைபடத்தில குமண எண்டு போட்டிருக்கிறதுதான். கதிர்காமப் பாதயாத்திரை போற எங்கட சனத்துக்கு அது கூமுனை. உகந்தையில முருகனக் கும்பிட்டுக் காட்டுக்குள்ள இறங்கினா கூமுனை, குமுக்கன் ஆறு, நாவலடி எண்டு போகும். பேர மாத்தினா நடந்த கால் ஒத்துக்கொள்ளாது.

ஜூலை 19, இரவு 10.15

6ஆம் திகதி நான் எழுதினதில ஒரு பெரிய பிழை இருக்கு. நாலு நாளா அது மண்டைக்குள்ள குத்திக்கொண்டிருக்கு.

"அலைகரைக்கு இறங்கி ஒரு மரத்தடியில இருங்க" எண்டு எழுதிட்டன். அத ஆரும் செய்ய வேணாம். அது தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட அனுமதி இல்லாம உள்ளுக்கு இறங்கி நடக்கிறது சட்டப்படி குற்றம். அத விட, அது உயிரோட விளையாடுற வேலை. நான் செஞ்சதாலதான் அது எனக்குச் சாதாரணமாத் தெரிஞ்சிருக்கு. செஞ்ச அண்டைக்கு நடந்ததச் சொல்றன்.

நாலு வருசத்துக்கு முந்தி, ஆகஸ்ட் மாசம், மீன் வித்துப்போட்டு வெறும் பெட்டிகளோட திரும்பி வாறன். வேன் சூடாகி ரேடியேட்டரால ஆவி. கையில இருந்த தண்ணி முடிஞ்சிது. ஒரு கேனை எடுத்துக்கொண்டு குளத்துக்குள்ள இறங்கினன். கரை எண்டு நினைச்ச இடத்தில தண்ணி இல்ல, வெடிச்ச சேறுதான். இன்னும் இருநூறு அடி அங்கால நடந்து, கேனை நிரப்பி, திரும்பிப் பாத்தா, எனக்கும் வீதிக்கும் நடுவில ஒரு கொம்பில்லாத பெரிய பெட்டை ஆனை. காலுக்கிடையில குட்டி. அது எப்ப வந்ததோ எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சுள்ளி முறிஞ்ச சத்தம் கூடக் கேக்கல்ல.

பக்கத்தில ஒரு மருத மரம். அதுக்குப் பின்னால போய் நிண்டன். காத்து என்ட பக்கமிருந்து ஆனைப் பக்கமா அடிக்குது. உடம்பெல்லாம் மீன் வெடில். துதிக்கையத் தூக்கி என்ட பக்கமாப் பிடிச்சிது. காது ரெண்டும் விரிஞ்சு அப்பிடியே நிண்டிது. காது ஆடிக்கொண்டிருக்கிற ஆனைக்கு மனசு லேசு. காது நிண்டா நாங்களும் நிக்கவேணும். அத எனக்குச் சொல்லித்தந்தது சேனைப் பயிர்க் காவலுக்குப் போன என்ட பெரியப்பா. மனுசன் செத்துப் பல வருசம், அண்டைக்கு என்னைக் காப்பாத்தினார்.

நாப்பது நிமிசம். கேனைக் கீழ வைக்கக் கூட இல்ல, கை விறைச்சுப் போச்சு. மறுகா குட்டி புல்லுப் பக்கமா ஓட, தாய் பின்னால போனது. நான் ஓடல்ல. ஓடாம நடந்து வீதிக்கு வந்து, வேன் படியில இருந்தாப் பிறகுதான் கால் நடுங்கத் தொடங்கினது.

இதுக்குப் பிறகும் எப்பிடி "மரத்தடியில இருங்க" எண்டு எழுதினன் எண்டு எனக்கே விளங்கல்ல. பழகின இடம் எண்டா பயம் மறந்துபோகுது. வீதியோரத்தில, வண்டிக்குப் பக்கத்தில நிண்டு பாருங்க. உள்ளுக்குப் போக ஆசை எண்டா வனஜீவராசிகள் ஆக்களிட்டக் கேட்டு அவங்களோட போங்க. கித்துலான, செங்கமுவவுக்கும் இதேதான்.

ஜூலை 20, காலை 5.40

முதலை இருக்கா எண்டு கேட்டிருக்கு. இருக்கு. வத்தின குளத்தில அதுக்கும் வேற போக்கிடம் இல்ல. நேத்து நான் எழுதின கேன் கதையில இதையும் சேத்து நினைச்சுப் பாருங்க.

ஆகஸ்ட் 2, இரவு 9.45

இண்டைக்குத் திரும்பி வரக்குள்ள ஒரு சுற்றுலா வேன் வீதியோரத்தில நிக்குது. ஆனை தூரத்தில. கண்ணாடியத் திறந்து ஹோர்ன் அடிக்கிறாங்க, திரும்பிப் பாக்கட்டும் எண்டு. மறுகா சோத்துப் பார்சல் சாப்பிட்டு முடிச்சு, லஞ்ச் ஷீட்டையும் ஷொப்பிங் பேக்கையும் பத்தைக்குள்ள வீசிப்போட்டுப் போறாங்க. நான் இறங்கிப் பொறுக்கினன். கறி மணம் இன்னும் போகல்ல. உப்பும் எண்ணெயும் பட்ட பொலித்தீன் ஆனைக்குச் சாப்பாடு மாதிரித்தான் மணக்கும்.

அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேடு ஞாபகம் இருக்கா? 2022 ஜனவரியில உலகம் முழுக்கச் செய்தி வந்தது. எட்டு வருசத்துக்குள்ள இருபது ஆனை அளவில அங்க பிளாஸ்டிக் திண்டு செத்திருக்கு. வயித்த அறுத்துப் பாத்தா பொலித்தீன், சாப்பாட்டு உறை, வேற ஒண்டும் இல்ல எண்டு மிருக வைத்தியர்மார் சொன்னாங்க. அதுவும் எங்கட மாவட்டம்தான். லகுகல ஆனைக்கு அந்தக் கதி வரக்கூடாது. இந்த ஆனை இன்னும் புல்லுத் திங்கிற ஆனை. வாறவங்க சாப்பாட்ட ஒரு பாத்திரத்தில கட்டிக்கொண்டு வாங்க. வாழையிலையில சுத்தினாலும் சரி. இத நான் கெஞ்சிக் கேக்கிறன்.

ஆகஸ்ட் 3, பகல் 1.10

நேத்துக் கோவத்தில எழுதினதால ஒருத்தர், "அப்ப இடத்தச் சொல்லாம விட்டிருக்கலாமே" எண்டு கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. ரா முழுக்க யோசிச்சன். அது ஒளிச்சு வைக்கிற இடம் இல்ல, ஏ4 வீதியில போற பஸ் எல்லாத்துக்கும் தெரியிற இடம். ஹோர்ன் அடிச்ச வேனுக்கும் ஆரோ சொல்லித்தான் வந்திருக்கு, ஆனா எப்பிடி நிக்கவேணும் எண்டு சொல்ல ஆள் இருக்கல்ல. அதால எழுதுறன். எழுதக்குள்ள முழுக்க எழுதவேணும்.

ஆகஸ்ட் 4, இரவு 8.00

வந்த இடத்தில வேற என்ன இருக்கு எண்டா, பொத்துவில்லுக்கும் லகுகலக்கும் இடையில, காட்டுக்குள்ள மகுல் மகா விகாரை இருக்கு. இடிஞ்ச கல் மண்டபம், தூண்கள், நல்ல நிழல். அங்க ஒரு சந்திரவட்டக்கல் இருக்கு. அனுராதபுரத்துக் கல்லுகள்ள ஆனை தனியா நடக்கும். இதில செதுக்கின ஆனைக்கு மேல பாகன் இருக்கிறான். குனிஞ்சு கிட்டப் பாத்தாத்தான் தெரியும்.

விகாரமகாதேவிக்கும் காவன்தீச மன்னனுக்கும் கலியாணம் நடந்தது அங்கதான் எண்டு சனம் சொல்லும். கடல் பொங்கி நாட்டுக்குள்ள ஏற, அதத் தணிக்க ஒரு அரசன் தன்ட மகள வள்ளத்தில வச்சுக் கடல்ல விட்டதாம். அந்தப் பிள்ளை உயிரோட கரை சேந்து ராணியாச்சாம். கரை சேந்த இடம் பொத்துவில் எண்டு எங்கட ஊர் முகுது மகா விகாரையில சொல்லுவாங்க. வேற ஊர்க்காரர் தங்கட ஊர் எண்டு சொல்லுவாங்க. நான் அந்தச் சண்டைக்கு வரல்ல.

ஆகஸ்ட் 21, இரவு 9.30

இண்டைக்குச் சந்தை நேரத்தோட முடிஞ்சிது. நாலு மணிக்கு லகுகலயில நிப்பாட்டி, வேனுக்குள்ளேயே இருந்து பாத்தன். இருபத்தி மூண்டு எண்ணினன். மறுகா இன்னொரு கூட்டம் காட்டால வர, எண்ணுறத விட்டுட்டன்.

ஒண்டு வீதிக்குக் கொஞ்சம் கிட்ட நிண்டது. அது தின்னுறத மட்டும் பாத்துக்கொண்டிருந்தன். துதிக்கையால ஒரு பிடி புல்லச் சுத்திப் பிடிக்கும். முன்னங்கால் நகத்தால வேரடியில ஒரு தட்டு. வேரோட வரும். வந்த உடன வாய்க்குள்ள போடாது. முன்னங்காலில ரெண்டு தரம், மூண்டு தரம் அடிச்சு அடிச்சு மண்ண உதறும். சேறு கூடினா தண்ணிக்குள்ள ஒருக்கா அலசும். மறுகாத்தான் வாய். அடுத்த பிடி. குட்டிக்கு இன்னும் அது வராது. பிடுங்கும், உதறுவம் எண்டு வீசும், புல்லு கையை விட்டுப் போயிரும், தேடும். தாய் தின்னுறதக் கடைவாயில இருந்து இழுக்கும். தாய் விட்டுக்குடுக்கும்.

அந்தப் பச்சைக்கு மேலால வெள்ளைக் கொக்கு, ஆனைக்கு ஒண்டு ரெண்டு எண்டு கணக்கு வச்ச மாதிரி. ஆனை கால் எடுத்து வைக்க எழும்புற பூச்சிக்கு அது. தூரத்தில தண்ணி மிச்சமா இருந்த இடத்தில கூழைக்கடாக் கூட்டம். ஒரு மனிசக் குரல் இல்ல. புல்லு முறியிற சத்தம் வேனுக்குள்ள கேக்குது, நறுக் நறுக்கெண்டு, அவ்வளவு தூரத்துக்கு.

முதல்ல கேள்வி கேட்ட ஆள் ஆகஸ்ட்ல வாறதாச் சொன்னார். வந்தாரா? வந்திருந்தா எழுதுங்க.

ஆகஸ்ட் 22, காலை 6.00

ராவில இந்த வீதியால ஓடுறவங்களுக்கு ஒண்டு. ஆறு மணிக்குப் பிறகு லகுகலப் பக்கம் வேகம் வேணாம். ஆனை வீதியில நிண்டா லைட்ட டிம் பண்ணுங்க, ஹோர்ன் வேணாம், எஞ்சின நிப்பாட்ட வேணாம், பின்னுக்கு எடுக்க இடம் விட்டு நில்லுங்க. அது தன்ட பாட்டுக்குக் கடக்கும். மோட்டார் சைக்கிள்ள வாறவங்க ராவில வரவே வேணாம்.

செப்டெம்பர் 14, இரவு 10.40

அம்மாவக் கூட்டிக்கொண்டு போனன்.

அம்மாவுக்கு எழுபத்தி ஒண்டு. நான் இஞ்ச எழுதுறத மகள் வாசிச்சுக் காட்டியிருக்கா. "என்ன மனே, அந்தக் குளத்துக்கு என்னையும் ஒருக்காக் கூட்டிப்போ" எண்டு ரெண்டு கிழமையா ஒரே கேள்வி. ஆனை பாக்க ஆசையாக்கும் எண்டு நினைச்சன். நல்ல காலமும்தான், இப்ப போனா நிச்சயம் காணலாம்.

ஊர்ச் சனம் குளிக்கிற பக்கமா, குளக்கட்டில கொண்டுபோய் இருத்தினன். வீட்டுச் சனம் வந்து போற இடம், பயம் இல்ல. உடுப்பு அடிக்கிற கல்லு ஒண்டு கிடந்தது. தண்ணி வத்திப் போனதால கல்லு தனியாத் தரையில. அதில இருந்தா. தூரத்தில ஆனைக் கூட்டம், இருபதுக்குக் குறையாது. நான் சந்தோசமாக் காட்டுறன், அந்தா குட்டி, இந்தா பெரியது எண்டு. புல்லு உதறுறதப் பாத்து, "நான் கீரைக்கட்டு உதறுற மாதிரி" எண்டு சிரிச்சா. அது மட்டும்தான். கொஞ்சம் பொறுத்து என்னைப் பாத்துக் கேட்டா:

"தண்ணி எங்க?"

அங்க, நடுவில இருக்கு எண்டு கை காட்டினன். "அது இல்ல. அண்டைக்கு இஞ்ச வரைக்கும் நிண்டுதே" எண்டா.

எனக்கு விளங்கினது. இருபது வருசத்துக்குக் கிட்ட அந்த வீதியால ஓடுறன், இது ஒரு நாளும் எனக்குத் தோணல்ல எண்டது இப்பவும் வெக்கமா இருக்கு.

2004 மார்கழி 26. ஞாயிற்றுக்கிழமை, பூரணை. கடல் வந்தாப் பிறகு எங்களுக்குக் கிடைச்ச ஒரு ட்ராக்டர் பெட்டியில முப்பது பேருக்கு மேல ஏறி, இந்த வீதியாலதான் மேல ஓடினம். "திரும்ப வருது, திரும்ப வருது" எண்டு கத்திக்கொண்டு. லகுகலயில சிங்களச் சனம் ட்ராக்டர மறிச்சு இறக்கினாங்க. சோறு தந்தாங்க, சாரம் தந்தாங்க. எங்களோட இருந்த உம்மாமாருக்குத் தலை மூடத் துணி தேடிக் குடுத்தாங்க. ரெண்டு ரா அங்க. என்ட தம்பி எங்களோட இல்ல. அவனுக்கு ஒன்பது வயசு.

நான் அடுத்த நாளே கரைக்கு இறங்கித் தேடப் போயிட்டன். அம்மா அங்கதான் இருந்தா. அந்த ரெண்டு ராவும் அம்மா என்ன செஞ்சா எண்டு நான் கேட்டதே இல்ல. இண்டைக்குத்தான் சொன்னா. இந்தக் கல்லடியில வந்து இருந்தாவாம். மழைக்காலம், குளம் நிறைஞ்சு கல்லுக்குக் கிட்ட வரைக்கும் தண்ணி. நிலவு. "அது வரல்ல மனே. ரா முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தன். அவ்வளவு தண்ணி இருக்கு, அசையாம அப்பிடியே கிடந்திது" எண்டா.

ஆனை அவக்கு ஒண்டும் இல்ல. தண்ணியப் பாக்கத்தான் வந்திருக்கா.

செப்டெம்பர் 15, காலை 5.30

நேத்து எழுதினதில ஒரு திருத்தம். "இருபது வருசத்துக்குக் கிட்ட ஓடுறன்" எண்டு எழுதிட்டன். மீன் ஓட்டம் பதினொரு வருசம்தான். அதுக்கு முந்தி ஆளோட ஆளா பஸ்ஸில.

தம்பி கிடைக்கல்ல. கேட்டவங்களுக்கு.

செப்டெம்பர் 17, இரவு 9.00

எழுதாம விட்ட ஒண்டு. நாங்க கட்டில இருக்கக்குள்ள குளிக்க வந்த ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், உடுப்பு வாளியோட நிண்டு எங்களப் பாத்தா. கல்லில எங்கட அம்மா இருக்கிறதால துவைக்க இடமில்ல. அம்மா எழும்பப் போக, "இன்ன அம்மே, இன்ன" எண்டு தோளில கை வச்சு இருத்திப்போட்டு, வேற கல்லுக்குப் போனா. சிங்களம் எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அண்டைக்குச் சோறு தந்தது நீங்களா எண்டு கேக்கச் சொன்னா. கேட்டன். தான் இல்ல, தன்ட மாமியார் சமைச்சவ, மாமியார் இப்ப இல்ல எண்டா. அம்மா கொண்டுவந்த பைக்குள்ள இருந்த கட்டாக் கருவாட்ட எடுத்துக் குடுத்தா. அது எனக்கெண்டு பொரிக்க வச்சிருந்தது.

ஒக்டோபர் 29, இரவு 7.50

மழை பிடிச்சிட்டு. ரெண்டு நாளா வீதியில ஆனை இல்ல. பொழுதுபட நிப்பாட்டிப் பாத்தன், குளத்துப் பச்சைக்கு நடுவில தண்ணி கண் திறக்குது. கொக்கு மட்டும் நிக்குது, நிண்ட இடத்தில.

இனி வாறவங்க ஆனைய நம்பி வராதீங்க. அடுத்த ஜூன் வரைக்கும் பொறுங்க. இல்லாட்டி...

இந்த வரிய முடிக்காம வைக்கிறன்.

ஜனவரி 12, இரவு 9.20

முதல்ல எழுதின ஆளுக்குத்தான் இது. ஆகஸ்ட்ல நீங்க வரல்ல போல.

நேத்து அம்மாவத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனன். கிழமையா மழை, நேத்து மட்டும் வெளிச்சிருந்தது. போற வழியெல்லாம் வயல் பச்சை. குளம் முட்ட நிறைஞ்சு கிடக்கு. அந்த மருத மரம் இடுப்பளவு தண்ணியில நிக்குது. நான் கேனோட நடந்த சேறு, ஆனை நிண்ட இடம், எல்லாத்துக்கும் மேலால தண்ணி. ஒரு பட்ட மரத்துக் கொப்பில பாம்புத்தாரா ஒண்டு செட்டைய விரிச்சுக் காய வச்சுக்கொண்டிருந்தது. ஆனை இல்ல. ஒரு ஆள் இல்ல. கடையும் இல்ல, வாங்கும் இல்ல, நீங்க எழுதின மாதிரியே.

நீங்க பாத்ததும் இதுதான், ஜனவரியில. ஆனை இல்லாட்டி அந்தக் குளத்தில பாக்க என்ன இருக்கு எண்டு நினைச்சுத்தான் நானும் ஜூலையில உங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினன். காலம் மாறி வந்திட்டீங்க எண்டு எழுதினன். அத இப்ப அழிக்கிறன்.

உடுப்பு அடிக்கிற கல்லு தண்ணிக்குள்ள போயிட்டு. மேல் விளிம்பு மட்டும், ஒரு சாண் அகலம் தெரியுது. அம்மா அதுக்குக் கிட்டக் கட்டில ஒரு சாக்கு விரிச்சு இருந்தா. செருப்பக் கழட்டி வச்சிட்டு, காலத் தண்ணிக்குள்ள விட்டா. கடற்கரைக்கு இவ்வளவு வருசமாப் போகாத மனிசி. நான் முதலை எண்டு சொல்ல வாயெடுத்து, சொல்லாம, பக்கத்தில நிண்டு தண்ணியப் பாத்துக்கொண்டிருந்தன். ரெண்டு மணித்தியாலம் இருந்தம். நீங்களும் அவ்வளவு நேரம்தான் நிண்டீங்க எண்டு எழுதியிருந்தீங்க.

வெளிக்கிடுவம் எண்டு சொல்ல, "இன்னும் கொஞ்சம் இரு மனே, நிலவு வரட்டும்" எண்டா. ராவில அந்த வீதியால வேகம் வேணாம் எண்டு இஞ்ச எழுதினவன் நான்தான். இருந்தம். ஏழு மணிக்குப் பிறகு மெல்ல மெல்ல ஓட்டி வந்து சேந்தம், வழியில ஒண்டும் மறிக்கல்ல.